1.4 நொடியில் நின்ற மூச்சு: ஒன்பது வயதுப் பையனின் ஊதும் டெஸ்ட்

ஃபைலைப் பிரிப்பதற்கு முன்பே அந்த அம்மா கேட்டுவிட்டார்: "டாக்டருங்க, நுரையீரல் சுருங்கிப் போச்சுன்னா மறுபடி விரியுமுங்களா?"

பக்கத்து நாற்காலியில் பையன் காலை ஆட்டிக்கொண்டு என் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் நுரையீரல் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. பள்ளிபாளையம் பக்கம் ஒரு ஊர். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா தறிக்கு நூலைத் தாராகச் சுற்றுகிறார். வீட்டுச் சுவரை ஒட்டியே தறிப் பட்டறை. (பெற்றோர் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மூன்று வயதிலிருந்தே சளி பிடித்தால் நெஞ்சு இழுக்கும். வருடத்துக்கு நான்கைந்து முறை நெபுலைசர். ஐந்து வயதில் இருமல் விடவில்லை, எடையும் ஏறவில்லை என்று 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' சொல்லி ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் குழந்தை மருத்துவம் பார்க்கிறவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சொல்லைக் கேட்காமல் இருக்க முடியாது. உண்மையிலேயே காசநோய் இருந்த பிள்ளைகளும் உண்டு, வெறும் இளைப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) அந்தப் பெயர் விழுந்த பிள்ளைகளும் உண்டு. இவன் எந்த வகை என்று இத்தனை வருடம் கழித்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பழைய சொல்தான் இந்தக் கதையைத் திசைதிருப்பியது.

போன மாதம் இருமல் இரண்டு வாரம் நீடித்ததும் வேறோர் இடத்தில் ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதவைத்து அளக்கும் சோதனை, எடுத்திருக்கிறார்கள். அறிக்கையின் அடியில் கணினியே அச்சடித்த ஒரு வரி: நுரையீரல் கொள்ளளவு குறைவு, 'ரெஸ்ட்ரிக்டிவ்' (நுரையீரல் என்ற பையே சிறுத்த) வகை. பழைய காசநோயால் நுரையீரல் சுருங்கியிருக்கலாம், சி.டி. ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஸ்கேனுக்குப் பணம் புரட்டும் இடைவெளியில்தான் எங்களிடம் வந்தார்கள்.

பையனைப் பார்த்ததில்

எடை 24 கிலோ, உயரம் 128 செ.மீ. விரல் நுனிகளில் வீக்கம் இல்லை. ஆக்சிஜன் 97 சதவீதம். மூக்கின் நடுவே குறுக்காக ஒரு மெல்லிய கோடு, உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து வந்தது. மூக்கினுள் சவ்வு வெளிறி ஊதியிருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் இருபுறமும் காற்று நன்றாகவே போய்வந்தது. விசில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

"ஓடினா மூச்சு வாங்குமா?"

"இல்லீங்க."

"கிரிக்கெட் விளையாடுவியா?"

"ம். அம்பயர்."

அம்மா சிரித்தார். "எப்பவும் இவன்தானுங்க அம்பயர். ஓடவே மாட்டான், அப்படி ஒரு சோம்பேறி."

இதைக் குறித்துவைத்துக்கொண்டேன். இளைப்புள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்குத் தங்கள் மூச்சுக்குழல் சுருங்கியிருப்பதே தெரிவதில்லை. பிறந்ததிலிருந்து அப்படித்தான் என்றால் எதோடு ஒப்பிட்டுத் தெரிந்துகொள்வது? கபடிக்குப் போகாமல் ஸ்கோர் எழுத உட்கார்ந்துவிடுவான், படிக்கட்டில் கடைசியாக வருவான். கேட்டால் ஒன்றுமில்லை என்பான். அதனால்தான் இவர்களுக்கு ஒரு எண் வேண்டியிருக்கிறது.

முதல் அறிக்கை

அதில் மூன்று எண்கள் முக்கியம். முழு மூச்சு இழுத்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, காற்று தீரும்வரை ஊதினால் வெளிவரும் மொத்த அளவு எஃப்.வி.சி. அதில் முதல் நொடியில் மட்டும் வெளிவருவது எஃப்.இ.வி.1. மூன்றாவது, முதல் நொடி அளவை மொத்தத்தால் வகுத்த விகிதம். குழல் சுருங்கியிருந்தால் காற்று மெதுவாக வரும், விகிதம் இறங்கும். பையே சிறுத்திருந்தால் மொத்தமும் முதல் நொடியும் சேர்ந்து குறையும், விகிதம் நன்றாகவே இருக்கும்.

இவனுடைய அறிக்கையில் எஃப்.வி.சி. 1.28 லிட்டர், இருக்க வேண்டியதில் 63 சதவீதம். எஃப்.இ.வி.1 1.14 லிட்டர், 64 சதவீதம். விகிதம் 0.89. இந்த மூன்றை மட்டும் பார்த்தால் கணினி சொன்னது சரிதான்: இரண்டும் குறைவு, விகிதம் நலம், ஆகவே பை சிறியது.

ஆனால் தாளின் மேல்மூலையில் உயரம் 138 என்று இருந்தது. நாங்கள் அளந்தது 128. ஒரே மாதத்தில் எந்தப் பிள்ளையும் பத்து செ.மீ. குறைவதில்லை. விரல் பக்கத்து எண்ணில் பட்டிருக்கலாம், அம்மா வாய்வார்த்தையாகச் சொன்னதை எழுதியிருக்கலாம். எதுவானாலும் விளைவு சின்னதல்ல. 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் தன் ஸ்பைரோமீட்டரால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஊதவைத்துக் கண்டறிந்தது முதலில் இதைத்தான்: ஊதும் அளவு உயரத்தோடு சேர்ந்து ஏறுகிறது. இன்றைய சமன்பாடுகளிலும் அப்படியே. இந்த வயதில் பத்து செ.மீ. கூட்டிப் போட்டால் 'இருக்க வேண்டிய' அளவு ஏறக்குறைய 20 சதவீதம் எகிறிவிடும். பிள்ளை என்ன ஊதினாலும் அது குறைவாகவே தெரியும்.

சரி, உயரத்தைத் திருத்திக் கணக்குப் போட்டேன். எஃப்.வி.சி. 75, எஃப்.இ.வி.1 76. கொஞ்சம் ஏறியது, ஆனால் பழி நீங்கவில்லை. இன்னும் 'பை சிறியது' என்றுதான் சொன்னது.

பிறகு வரைபடத்துக்கு வந்தேன். முதலில் பார்த்திருக்க வேண்டியதே அதைத்தான். நேரத்துக்கு எதிராகக் காற்றின் அளவு வரையும் கோடு, ஒழுங்காக ஊதி முடித்த பிள்ளைக்கு மலையேறிப் பீடபூமியில் நடப்பதுபோலத் தட்டையாகி முடியும். இவனுடைய கோடு ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. கீழே நேரம்: 1.4 நொடி. பக்கத்தில் இருந்த, காற்றின் அளவுக்கு எதிராக அதன் வேகத்தை வரையும் வளையப் படத்திலும் காற்றோட்டம் சரிந்துவந்து ஓர் இடத்தில் செங்குத்தாக, சுவரில் மோதியதுபோல, கீழே விழுந்திருந்தது. காற்று தீர்ந்துபோய் நிற்கவில்லை. பையன் நிறுத்திவிட்டான்.

பின்னத்தை நினைத்துப் பாருங்கள். முதல் நொடியை அவன் சரியாகத்தான் ஊதியிருக்கிறான், ஆகவே மேலே இருக்கும் எண் உண்மை. அதற்கப்புறம் நிறுத்தியதால் கீழே இருக்கும் எண் மட்டும் சிறுத்துவிட்டது. கீழ் எண் சிறுத்தால் விகிதம் அழகாக ஏறி நிற்கும். குழல் சுருக்கம் மறைந்துபோகும், இல்லாத பைச்சுருக்கம் முளைக்கும். இரண்டு பொய்யும் ஒரே இடத்தில் பிறந்தவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊதும் டெஸ்ட்டை மட்டும் வைத்து நுரையீரல் சுருங்கிவிட்டது என்று யாரும் முடிவு கட்டக்கூடாது. ஊதி முடித்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் காற்றை ஸ்பைரோமீட்டர் அளப்பதில்லை. அதற்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்துச் செய்யும் வேறு சோதனை உண்டு. ஸ்பைரோமெட்ரி சந்தேகத்தைக் கிளப்பலாம், அவ்வளவுதான்.

சோதனை அறையில்

அன்றே செய்திருக்கலாம். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன் காலையில் அம்மா சால்பியூட்டமால் சிரப் கொடுத்திருந்தார். அது குழலை விரித்துவைத்திருக்கும்போது ஊதவைத்தால் என்ன தெரியும்? மறுநாள் மருந்து கொடுக்காமல் வரச் சொன்னோம். போனில் நேரம் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பக்கத் தவறு, ஒரு நாள் கூலி அவர்களுக்குப் போனது.

மறுநாள் காலை டெக்னீஷியன் வழக்கம்போல 3 லிட்டர் சிரிஞ்சை வேகமாக, நடுத்தரமாக, மெதுவாக என்று மூன்றுவிதமாகத் தள்ளிக் கருவியைச் சரிபார்த்துவிட்டுத்தான் பையனைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நிறுத்தி, மறுபடி உயரம் அளந்தார். 128 தான். நேராக உட்காரவைத்து மூக்குக்கு கிளிப்.

முதல் தடவை கிளிப்பைப் பார்த்தே சிரித்துவிட்டான், உதட்டோரம் காற்று போய்விட்டது. இரண்டாவதில் பலூன் ஊதுவதுபோலக் கன்னத்தை உப்பினான். மூன்றாவது நன்றாகத் தொடங்கியது. விசையான எடுப்பு, வளைவு கூர்மையாக மேலே போனது. ஒன்றரை நொடியில் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். திரையில் அதே சுவர்.

"ஏன் கண்ணு நிறுத்திட்டே?"

"மெழுகுவத்தி எல்லாம் அணைஞ்சிருச்சுக்கா."

குழந்தைகளை ஈர்க்க மென்பொருளில் ஒரு பொம்மைப் படம் உண்டு. ஊதினால் கேக்கின் மேலிருக்கும் மெழுகுவத்திகள் அணையும். வேகமாக ஊதினால் எல்லாமே உடனே அணைந்துவிடும். அணைந்த மெழுகுவத்தியை எந்தப் பிள்ளை ஊதிக்கொண்டே இருக்கும்? எடுப்பு வேகத்துக்கு அந்தப் படம் நல்லது, கடைசிவரை ஊதவைக்க அது எதிரி. போன இடத்திலும் மெழுகுவத்திதானா என்று கேட்டேன். ஆமாம் என்று தலையாட்டினான்.

டெக்னீஷியன் திரையை அணைத்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் முன்னால் உட்கார்ந்தார்.

"பாட்டி ஊதுகுழல் வெச்சு அடுப்பு ஊதிப் பாத்திருக்கியா?"

"தெனமும் நாந்தான்க்கா ஊதுவேன். தண்ணியடுப்பு. தேங்காமட்டையும் பஞ்சுக் கழிவும் போட்டுப் பத்தவெப்போம்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். முந்தின நாள் வீட்டில் புகை உண்டா என்று நான் கேட்டபோது, கேஸ் அடுப்புதான் என்று பதில் வந்திருந்தது. அது பொய்யல்ல, சமையல் கேஸில்தான். வாசலில் குளிக்கத் தண்ணீர் காயவைக்கும் அடுப்பை யாரும் 'வீட்டுப் புகை' கணக்கில் சேர்ப்பதில்லை. விடிகாலைக் குளிரில் அதன் முன்னால் குந்தி, முகத்தில் புகை அடிக்க, ஈரமட்டை பிடிக்கும்வரை ஊதிக்கொண்டிருப்பது இவன். அச்சிட்ட கேள்விப் படிவத்தில் இதற்கு இடமே இல்லை.

"அப்ப உனக்குத் தெரியும். ஈரமட்டை, இன்னும் புடிக்கல. ஒரே மூச்சு. மொதல்ல டொப்புனு அடிக்கணும், அப்புறம் நெருப்பு புடிக்கிறவரை விடாம ஊதணும். சரியா?"

நான்காவது தடவை. "இழு இழு இழு, நெஞ்சு நெறைய... ஊது! ஊதூதூது, இன்னும், இன்னும், பொறி தெரியுது, விடாதே, இன்னும்..." அக்காவின் கை அவன் தோள்மேல். முகம் சிவந்தது. கோடு வளைந்து, தணிந்து, தட்டையாகி, ஒரு முழு நொடிக்கு மேல் தட்டையாகவே நடந்து முடிந்தது. ஐந்தாவதில் முதல் நொடிக்குள்ளேயே இருமினான், தள்ளிவிட்டோம். ஆறும் ஏழும் நன்றாக வந்தன. நல்ல மூன்றில் மிக அதிகமான இரண்டுக்கும் இடையே வித்தியாசம் எஃப்.வி.சி.யில் 60 மி.லி., எஃப்.இ.வி.1இல் 40 மி.லி. ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 150 மி.லி. வரை ஒப்புக்கொள்ளலாம் என்பது 2019இல் அமெரிக்க, ஐரோப்பிய சுவாசச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறி. பெரியவர்களுக்கு எட்டு முயற்சியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் அதே நெறி, பிள்ளைகளுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்றும் சொல்கிறது. கூட்டம் நிறைந்த காலை நேரத்தில் அந்தப் பொறுமைக்குத்தான் பஞ்சம்.

எண்கள்

எஃப்.வி.சி. 1.66 லிட்டர். இருக்க வேண்டியது 1.70, அதாவது 98 சதவீதம். பை சுருங்கவே இல்லை.

எஃப்.இ.வி.1 1.16 லிட்டர், 77 சதவீதம். முதல் அறிக்கையின் 1.14க்குப் பக்கத்திலேயே இருப்பதைப் பாருங்கள். விகிதம் 0.70. பிள்ளைகளுக்கு இது சாதாரணமாக 0.90ஐ ஒட்டி இருக்கும். பெரியவர்களுக்குப் பழகிய கண் 0.70ஐப் பார்த்து 'எல்லையில் இருக்கிறது' என்று நகர்ந்துவிடும். ஒன்பது வயதில் அது எல்லை அல்ல, நல்ல சுருக்கம். வளையப் படத்தின் இறங்குபகுதி கரண்டியால் சுரண்டி எடுத்ததுபோல உள்ளே குழிந்திருந்தது. விசில் எதுவும் கேட்காத நெஞ்சுக்குள் இத்தனை.

'இருக்க வேண்டிய' அளவு யாருடையது என்ற கேள்வி நம் பிள்ளைகளைப் பொறுத்தவரை இன்னும் தீர்ந்தபாடில்லை. 2012இல் வந்த உலகளாவிய சமன்பாடுகள் 3 வயது முதல் 95 வரை ஒரே கோட்டில் இணைத்தன, ஆனால் இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனிப் பிரிவு அதில் கிடையாது. 'பிற' என்பதில்தான் நாம் அடக்கம். பின்னர் இனம் பார்க்காத பொதுச் சமன்பாடும் வந்தது. எந்த மென்பொருளில் எது ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் சதவீதத்தைப் படிப்பது வீண். விகிதத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, அதனால் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்ப்பது விகிதத்தைத்தான்.

பிறகு ஸ்பேசர் (பம்பில் மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குடுவை) வழியாகச் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம் வீதம் நான்கு பஃப், ஒவ்வொன்றாக. பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். அதற்குள் எங்கள் அறிக்கைத் தாளின் பின்பக்கத்தில் ஒரு பஸ் வரைந்துவிட்டான்.

மருந்துக்குப் பின் எஃப்.இ.வி.1 1.42 லிட்டர். கூடியது 260 மி.லி. பழைய முறையில், தொடங்கிய அளவோடு ஒப்பிட்டால் 22 சதவீதம். இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டால் 17 சதவீதம், அதே சங்கங்களின் 2022இன் புதிய விளக்கமுறை கேட்பது 10க்கு மேல். எப்படிப் பார்த்தாலும் தேர்ச்சி. விகிதம் 0.84. சுருங்கிய குழல் மருந்துக்கு விரிகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தாள் அடிக்கடி கிடைப்பதில்லை.

கிளிப்பைக் கழற்றும்போது அவனாகவே சொன்னான்: "இப்ப ஊதறது லேசா இருக்குக்கா." ஆறு வருட இளைப்பில் மூச்சைப் பற்றி அவன் தானாகச் சொன்ன முதல் வார்த்தை இதுதான் என்று அம்மா பிறகு சொன்னார்.

எதை விலக்கினோம்

காசநோய் பயத்தை வாயால் சொல்லிப் போக்க முடியாது. புதிதாக எடுத்த எக்ஸ்ரே சுத்தம். இரண்டு வருட எடை அட்டையில் ஏற்றம் ஒழுங்கு. வீட்டில் யாருக்கும் நீண்ட இருமல் இல்லை. வளையத்தின் மேற்பகுதியோ கீழ்ப்பகுதியோ தட்டையாக வெட்டுப்பட்டிருந்தால் தொண்டை, மூச்சுப்பெருங்குழல் பக்கம் தேடியிருப்போம், அதுவும் இல்லை. சி.டி. வேண்டாம் என்றேன். அப்பா இரண்டு முறை திரும்பத் திரும்பக் கேட்டார், இரண்டு முறையும் படத்தைக் காட்டிச் சொன்னேன்.

ஒருவேளை அன்று ஊதியது நலமாகவே வந்திருந்தால்? இளைப்பு இல்லை என்று சொல்லியிருக்க மாட்டேன். தொல்லையில்லாத நாட்களில் இளைப்புப் பிள்ளைகளில் பலருக்கு ஸ்பைரோமெட்ரி நலமாகத்தான் இருக்கும். அப்போது ஆறேழு நிமிடம் நன்றாக ஓடவிட்டு மறுபடி ஊதவைப்போம், அல்லது தொல்லை வரும் நாளில் கூப்பிடுவோம். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் இப்படி ஊதவைப்பதே பெரும்பாடு. சாதாரணமாக மூச்சுவிட்டாலே போதும் என்கிற ஆசிலோமெட்ரி அந்த வயதுக்குத் தோது, எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

மருந்தும் அடுப்பும்

உள்ளிழுக்கும் ஸ்டீராய்டான புடசோனைடு 100 மைக்ரோகிராம், காலை மாலை, ஸ்பேசர் வழியாக. அவசரத்துக்குச் சால்பியூட்டமால் பம்பு. சிரப்பை நிறுத்தினோம். "பம்பு போட்டா பழகிருமுங்களா, வளர்த்தி நின்னுருமுங்களா" என்ற இரண்டு கேள்விகளும் வந்தன. பழகாது. வளர்ச்சியைப் பற்றி மழுப்பாமல் சொன்னேன்: வருடக்கணக்கில் தினமும் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்து பார்த்ததில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. கட்டுக்குள் வராத இளைப்பும், அதற்காக அடிக்கடி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் செய்வது அதைவிட அதிகம். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு சென்டின்னா பரவால்லீங்க" என்றார்.

ஊதும் உச்ச வேகத்தை வீட்டிலேயே அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றைக் கொடுத்துக் காலையும் மாலையும் எழுதச் சொன்னோம். முதல் வாரத்தில் காலை 170, மாலை 210 என்றே பெரும்பாலும் இருந்தது. அதாவது ஒரே நாளுக்குள் 21 சதவீத ஆட்டம். பிள்ளைகளுக்கு 13ஐத் தாண்டினாலே அதிகம். காலை எண் எப்போதும் அடுப்பு ஊதிய பிறகு எடுத்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றார் அம்மா. அன்றோடு ஊதுகுழல் அப்பா கைக்குப் போனது. பஞ்சுக் கழிவைப் போட்டுப் பற்றவைப்பதும் நின்றது. தறியை நிறுத்த முடியாது, அது சோறு. பட்டறைப் பக்கத்து ஜன்னலை அடைத்தார்கள். தார் சுற்றும் இடத்தில் பையன் படுத்துத் தூங்குவது மட்டும் மாறியது.

மூன்று மாதம் கழித்து உயரம் 129. எஃப்.இ.வி.1 1.48, எஃப்.வி.சி. 1.72, விகிதம் 0.86. குழிவு ஏறக்குறைய நிரம்பிவிட்டது. இடையில் ஒரு முறைதான் பம்பு தேவைப்பட்டிருக்கிறது, பொங்கலுக்கு வெள்ளையடித்த நாளில். அம்பயர் வேலை இப்போது வேறொரு பையனுக்கு. மருந்து அளவைக் குறைக்கலாமா என்பதை இன்னொரு மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் பனிக்காலம் முடியட்டும் என்றிருக்கிறேன்.

அன்று கிளம்பும்போது அம்மா ஃபைலிலிருந்து அந்த முதல் அறிக்கையை உருவி, "இதைக் கிழிச்சுப் போட்டுரலாமுங்களா?" என்றார். வேண்டாம் என்று வாங்கி, சிவப்புப் பேனாவால் 138ஐயும் 1.4 நொடியையும் வட்டமிட்டு, பக்கத்தில் எங்கள் தேதியையும் '128, முழுமூச்சு இல்லை' என்ற குறிப்பையும் எழுதிப் புதுத் தாளோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். அடுத்து எந்த ஊரில் யார் அந்த ஃபைலைத் திறந்தாலும் இரண்டு கோடுகளும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.